மோல்டு இல்லாத கார்பன்: எல்லையோரப் பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்து வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துப் பட்டறைகளிலும், இடுக்கி மாவட்டத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, மறையூர், மூணாறு பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளிலும் கையில் உப்புத்தாளோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு:

உங்களில் பலருக்குக் கார்பன் ஃபைபர் மேல் ஒரு கண் இருக்கிறது. பைக் டேங்கில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கரே அதைச் சொல்லிவிடுகிறது. ஸ்டிக்கர் அலுத்துப்போய் அசல் துணியையே வாங்கிப் பார்க்கலாம் என்று சிலர் இறங்கியும் விட்டார்கள். துணி கோயம்புத்தூரில் கிடைக்கிறது. எபாக்சி ரெசின் கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் மோல்டு என்ற இடத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. முதலில் ஒரு மாதிரி செய்து, பட்டி பார்த்து, தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் ஜெல்கோட் அடித்து மோல்டு எடுத்து, கடைசியாக அதற்குள் பொருளை வார்க்க வேண்டும். ஒரே ஒரு பேனலுக்கு இத்தனை பாடா என்று துணியைச் சுருட்டிப் பரணில் போட்டவர்கள் உண்டு.

இந்த மடல் சொல்ல வருவது இரண்டு. ஒரே ஒரு பொருள் செய்வதற்கு மோல்டு தேவையே இல்லை என்பது முதலாவது. நீங்கள் செய்ய நினைக்கும் பொருள் பெரும்பாலும் தவறான பொருள் என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அந்த இடத்துக்கு வரும்போது மாற்றாக என்ன செய்யலாம் என்றும் சொல்லப்படும்.

மோல்டு என்பது நூறு பிரதி எடுப்பவருக்கு ஆகிற செலவு. ஒன்று மட்டும் செய்பவர், வெளியே வார்ப்பதற்குப் பதிலாக உள்ளே ஒரு கரு வைத்து அதன்மேல் துணியைப் போர்த்தலாம். இது குறுக்கு வழியோ ஏழை வழியோ அல்ல, விமானமே இப்படிப் பறந்திருக்கிறது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பர்ட் ருட்டான் என்ற வடிவமைப்பாளர் செய்த வேரிஈஸி என்ற சின்ன விமானம் 1975 மே 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்தார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் நனைத்து ஒட்டினார். அவ்வளவுதான் இறக்கை. அடுத்த ஆண்டிலிருந்து வரைபடங்களை விற்றார். கார் நிறுத்தும் கொட்டகையில் சாதாரண ஆட்கள் அதைப் பார்த்து விமானம் கட்டினார்கள். இந்த முறைக்கென்றே அவர் ஒரு கையேடும் எழுதினார். அதன் தலைப்பிலேயே ‘மோல்டு இல்லாத’ என்ற சொல் இருந்தது.

அமெரிக்கா தூரம் என்றால் முட்டத்துக்கு வாருங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில், கட்டுமரத்துக்கும் குடைவு வள்ளத்துக்கும் ஏற்ற பெரிய தடிகள் அரிதாகிப்போன காலம் அது. 1980களின் தொடக்கத்தில் பியேர் ஜில்லே என்ற பொறியாளரும் அங்கிருந்த மீனவர்களும் சேர்ந்து பிளைவுட் படகில் இறங்கினார்கள். பலகையை அளவாக வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து, தையல் மேல் ரெசினில் நனைத்த கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டுவது இந்த வகைப் படகின் முறை. மோல்டு கிடையாது, பெரிய யார்டும் கிடையாது. ஜில்லே தன் அனுபவத்தை 1985இல் புத்தகமாகவே எழுதினார். பிளைவள்ளம் என்ற பெயரில் அந்தப் படகு திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் பரவியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கென்று படகுப் பட்டறைகளையே நடத்தியது. பத்தாம் வகுப்பு தாண்டாத கைகள் கட்டிய அந்தப் படகுகள்தான் அலைக்குள் போய் வந்தன.

இடுக்கி மாவட்டத்திலேயே ஒருவர் இருக்கிறார். தொடுபுழா அருகே தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து அவருக்கு விமானப் பித்து. வீட்டில் வைத்தே இரண்டு பேர் உட்காரும் இலகு விமானம் ஒன்றைக் கட்டி முடித்தார். 2014இல் தமிழ்நாட்டின் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதை ஓட்டிப் பார்த்தார். பின்னால் பிருத்விராஜ் நடித்த ‘விமானம்’ படம் இவரை மனதில் வைத்து எடுக்கப்பட்டது. சினிமாவை விடுங்கள். கட்டியவர் தானே ஏறி முதலில் பறந்து காட்டவில்லை, தெரிந்த கையிடம் கொடுத்துச் சோதித்தார். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஃபைபர் வேலை உங்களுக்குப் புதிதல்ல. பஸ் பம்பர், தண்ணீர் டேங்க், ஆட்டோ கூரை என்று கண்ணாடி இழை மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் கை பழகியவர்கள் நிறைய இருக்கிறீர்கள். அந்தப் பழக்கமே இங்கே முதல் எதிரி. பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலில் பட்டால் அதைக் கரைத்துவிடும். காலையில் செதுக்கிய வடிவம் மதியம் குழம்பாகக் கிடக்கும். எபாக்சி கரைக்காது. அதனால் தெர்மாகோல் கருவுக்கு எபாக்சி மட்டுமே சரி. அடுத்தது ஹார்ட்னர். பாலியெஸ்டருக்கு நாலு சொட்டு கூட விட்டால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். கை அதற்குப் பழகியிருக்கும். எபாக்சியில் அந்த விளையாட்டு செல்லாது. டப்பாவில் 100க்கு 30 என்று எழுதியிருந்தால் 100க்கு 30தான். எபாக்சியின் ஹார்ட்னர் வேலையை முடுக்கிவிட்டு ஒதுங்கும் பொருள் அல்ல, ரெசினோடு சேர்ந்து அதுவும் பிளாஸ்டிக்காக மாறுவது. கூடினால் மிச்சம் உள்ளேயே தங்கிப் பொருள் ரப்பராக நெளியும். கண்ணளவு வேண்டாம், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கருவைச் செதுக்க நிக்ரோம் கம்பியும் பழைய பேட்டரி சார்ஜரும் போதும். ஆனால் சூட்டுக் கம்பியால் அறுக்கலாம் என்பது தெர்மாகோலுக்கும், கடையில் பலகையாக வரும் நீல நுரைக்கும் மட்டுமே பொருந்தும். ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் பாலியூரிதேன் நுரையைச் சூட்டுக் கம்பியால் தொடவே கூடாது, அதிலிருந்து வரும் புகையில் சயனைடு இருக்கும். அதைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் மட்டுமே செதுக்க வேண்டும். விளிம்புகளைக் கூராக விடாதீர்கள். கார்பன் இழை கூரான மூலையில் மடங்காமல் எழுந்து நிற்கும், அடியில் காற்று தங்கும். பென்சில் தடிமனுக்காவது உருட்டிவிடுங்கள். வளைவான இடத்துக்குத் துணியைக் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டினால் சேலை மடிப்பு மாதிரி படிந்துகொடுக்கும். நேராக வெட்டினால் சுருங்கும்.

நுரையின் துளைகளை முதலில் எபாக்சியும் மைக்ரோபலூன் என்ற நிரப்புப் பொடியும் குழைத்த மாவால் மூட வேண்டும். இல்லாவிட்டால் நுரை ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும், எடை ஏறும். அதன்மேல் நனைத்த துணி, அதற்கு மேல் மெல்லிய நைலான் துணி, பிறகு ரப்பர் துண்டால் மிச்ச ரெசினை வழித்து எடுப்பது. இறுகியதும் நைலானை உரித்தால் அடுத்த அடுக்கு பிடிக்கத் தயாராக ஒரு சொரசொரப்பு கிடைக்கும். உள்ளே இருக்கும் தெர்மாகோலைத் திறந்த வெளியில், அடுப்போ பீடியோ பக்கத்தில் இல்லாதபோது அசிட்டோன் ஊற்றிக் கரைத்து எடுக்கலாம். எடுக்காமல் விடுவதே பல சமயம் நல்லது. இரண்டு தோலுக்கு நடுவே ஒரு கரு நின்றால் விறைப்பு எப்படிக் கூடும் என்பதற்கு ஹெக்செல் நிறுவனத்தின் கையேட்டில் ஒரு கணக்கு வரும். அதே தோலை வைத்து, நடுவே தேன்கூட்டுக் கருவைச் செருகி மொத்தத் தடிமனை 4 மடங்காக்கினால் விறைப்பு 37 மடங்காகும், எடை 6 சதவீதம் அளவே கூடும். காசு கொட்டிக் கார்பன் வாங்குவதை விட, கண்ணாடி இழைத் துணிக்கு நடுவே நுரை வைப்பது பல இடங்களில் புத்திசாலித்தனம்.

அதனால் முதல் சில பொருள்களைக் கார்பனில் செய்யவே வேண்டாம். விலைக்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. கண்ணாடி இழைத் துணி ரெசினில் நனைந்ததும் கண்ணாடி போல் தெளிந்துவிடும். நனையாத இடம் வெள்ளையாகவும் காற்றுக்குமிழ் பளிச்சென்றும் தெரியும். கார்பன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. தப்பை மறைத்துக்கொண்டு மேலே பளபளக்கும். கைக்குத் தப்பு பிடிபடும் வரை கண்ணாடி இழையில் பழகியவரே கார்பனில் நம்பி வேலை செய்ய முடியும்.

இனி உங்கள் ஊர் சமாச்சாரம். வெளிநாட்டு வீடியோக்களில் இது வராது. அங்கே பட்டறை 20, 25 டிகிரியில் இருக்கும். ஏப்ரலில் பாலக்காடு 40ஐத் தாண்டும். எபாக்சி கலவை கையில் தாங்கும் நேரம் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும். டப்பாவில் 25 டிகிரிக்கு 30 நிமிடம் என்று போட்டிருந்தால், கொழிஞ்சாம்பாறை மதியத்தில் 10 நிமிடம் கிடைத்தால் அதிகம். டம்ளரிலேயே அதிக நேரம் வைத்திருந்தால் சூடேறிப் புகையும், பிளாஸ்டிக் டம்ளர் உருகும். கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள். மெதுவான ஹார்ட்னர் வாங்குங்கள். விடியற்காலையில் வேலை பாருங்கள். கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வருவதற்குள் துணி ஒட்டி முடிந்திருக்க வேண்டும்.

மூணாறு, வட்டவடை பக்கம் கதை தலைகீழ். டிசம்பர் குளிரில் எபாக்சி இறுகவே மறுக்கும், வேகமான ஹார்ட்னரும் ஒரு குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டியும் தேவைப்படும். மழைக்காலத்து ஈரத்தில் இறுகும் எபாக்சியின் மேல் பிசுக்கென்று ஒரு மெழுகுப் படலம் வரும். அதை அப்படியே உப்புத்தாளால் தேய்த்தால் படலம் உள்ளே இறங்கி அடுத்த அடுக்கு உரிந்துவிடும். முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்து, பிறகு தேய்க்க வேண்டும்.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வேக்குவம் பம்ப்பாக மாற்றிப் பை போட்டு உறிஞ்சும் கெட்டிக்காரர்களும் உங்களில் உண்டு. உறிஞ்சுவது என்று சொன்னாலும், உண்மையில் பொருளை அமுக்குவது வெளியே இருக்கும் காற்று. கடல் மட்டத்தில் அது சதுர மீட்டருக்கு 10 டன் அளவு. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் காற்றழுத்தமே ஆறில் ஒரு பங்கு குறைவு, அமுக்கமும் அந்த அளவு குறையும். கொல்லங்கோட்டுப் பட்டறையில் சரியாக வந்த அதே அடுக்கு மலைமேல் கொஞ்சம் தடிமனாக, ரெசின் கூடுதலாக வந்தால் பம்ப்பைத் திட்டாதீர்கள்.

வெயிலைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடிக்காத செய்தி. அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உங்கள் பக்கத்துச் சித்தூர் வெயிலில் நிற்கும் கறுப்புப் பொருளின் மேற்பரப்பு அதைத் தாண்டிவிடும். ருட்டானின் விமானங்களைப் படத்தில் பாருங்கள், எல்லாமே வெள்ளை. அழகுக்காக அல்ல, சூடேறி இளகக் கூடாது என்பதற்காகவே வெள்ளை அடிக்கச் சொன்னார். கறுப்பு நெசவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கார்பன் வாங்குகிற நீங்கள் வெள்ளை அடிப்பீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் இறுகிய பிறகு பொருளை மெல்ல மெல்ல 60, 70 டிகிரிக்கு ஏற்றி சில மணி நேரம் வைத்து வேக விட வேண்டும். தெர்மாகோல் கருவோடு இதைச் செய்தால் கரு சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேலே வெயில் தாங்கும் பாலியூரிதேன் கிளியர் கோட் இல்லாவிட்டால் எபாக்சி மஞ்சளாகிப் பொடியும்.

இப்போது முகம் சுளிக்கவைக்கும் பகுதி.

பைக்கின் ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், பிரேக் லீவர், ஸ்விங் ஆர்ம், ஹெல்மெட் எதையும் வீட்டில் கார்பனில் செய்யாதீர்கள். இரும்பு வளைந்து எச்சரித்துவிட்டுத்தான் உடையும். கார்பன் இழை ஒன்றரை சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும், இரும்பு போல் வளைந்து எச்சரிக்காது. கையால் ஒட்டிய அடுக்கில் இழை எங்கே வளைந்திருக்கிறது, காற்று எங்கே தங்கியிருக்கிறது என்று ஸ்கேன் செய்யும் கருவி உங்கள் பட்டறையில் இல்லை. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் குறித்துக் கேரளத்திலிருந்து போன வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. வாளையாறு செக்போஸ்ட்டில் நின்று இது அசல் கார்பன் சார் என்று விளக்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ருட்டான் முறை விமானத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று தான் பழையதாக வாங்கிய லாங்-ஈஸி விமானம் கடலில் விழுந்து இறந்தார். நுரையும் துணியும் கைவிடவில்லை. எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வின் கைப்பிடியை, வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் அதைக் கட்டியவர். பறந்துகொண்டே அதை எட்டித் திருப்பும் முயற்சியில் விமானம் கை தப்பியது என்பது விசாரணையின் முடிவு. வரைபடத்தை மாற்றுகிற கை எத்தனை திறமையான கையாக இருந்தாலும் கொஞ்சம் தயங்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தோட்டத்தில் நிற்கிறது. கர்நாடகப் பாக்குத் தோட்டங்களில் மரம் ஏறாமல் தரையில் நின்றே குலை அறுக்கவும் மருந்து தெளிக்கவும் நீளமான கார்பன் ஃபைபர் கழி வந்துவிட்டது. அங்கே அதைத் தோட்டி என்கிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம், அருமையான கருவி. பார்த்ததும் நாமே ஒரு தொரட்டுக்கோல் சுற்றிவிடலாம் என்று தோன்றும். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறதே என்று மின்கம்பிக்குக் கீழே தூக்கினால் அலுமினிய ஏணியைத் தூக்கியதற்குச் சமம். தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே 11 கே.வி. லைன் ஓடும் ஊர் உங்களுடையது. வீட்டில் கழி செய்வதானால் கண்ணாடி இழையில் செய்யுங்கள், அப்படியும் லைன் பக்கம் போகாதீர்கள்.

அப்படியென்றால் எதைத்தான் செய்வது? ஒரே ஒரு பிரதி போதும் என்கிற பொருளாக இருக்க வேண்டும். உடைந்தால் உயிர் போகக் கூடாது. எடை குறைந்தால் ஒருவருக்கு உண்மையிலேயே வலி குறைய வேண்டும். அப்துல் கலாம் தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாகச் சொன்னது ராக்கெட்டை மட்டும் அல்ல. ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் 3 கிலோ உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளுக்குத் தன் ஆய்வுக்கூடம் மூன்று வாரத்தில் 300 கிராம் காலிப்பர் செய்து கொடுத்ததையும் சொன்னார். பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அப்படி ஒரு கண் வேண்டும்.

பாலக்காட்டுப் பிள்ளைகள் அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பெருவெம்பு போதும். செண்டை, மத்தளம், மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் ஊர் அது. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பஞ்சவாத்தியத்தில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்று வாசிப்பவரின் முதுகைக் கேட்டுப் பாருங்கள், பலாமரத்தின் எடை தெரியும். மரத்துக்குப் பதில் இழையா என்று சிரிக்க வேண்டாம். பெங்களூர்ப் பொறியாளர் கே. வரதரங்கன் ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட ஸ்ரீ மிருதங்கத்தை உருவாக்கினார், கச்சேரியில் அது வாசிக்கப்படுகிறது. பாஸ்டன் சிம்பொனியின் செல்லோ கலைஞர் லூயிஸ் லெகியா, ஒரு படகு கட்டுபவரோடு சேர்ந்து கார்பன் ஃபைபரில் செல்லோ செய்தார். அந்தச் செல்லோ இன்று உலகம் முழுக்க விற்கிறது.

மோல்டு இல்லாத முறைக்கு மத்தளக் கட்டையைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது கடினம். தெர்மாகோல் உருளையை லேத்தில் கொடுத்து உட்புற வடிவத்துக்குக் கடைந்து, துணியைச் சுற்றி, இறுகியதும் உள்ளே இருப்பதைக் கரைத்துவிட்டால் கூடு மிச்சம். ஆனால் கணக்கு இருக்கிறது. இரண்டு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டும் வார்கள் கட்டையை நீளவாக்கில் நசுக்கும். வாய்ப்பகுதி வட்டம் கலையாமல் நிற்க வேண்டும். அதனால் ஒரு அடுக்கு இழை நீளவாக்கிலும் ஒரு அடுக்கு வளையமாகவும் போக வேண்டும், வாய் ஓரத்தில் கூடுதல் பட்டை வேண்டும். நாதம் சரியா என்பதைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, பெருவெம்பு ஆசான்மார். தோல் கட்டும் வேலையும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். முதல் கட்டை மந்தமாக ஒலித்தால் சுவரைத் தடிமனாக்கிப் பாருங்கள், நடுவே மரத்தூள் குழைத்த அடுக்கு ஒன்று சேர்த்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பிடுங்கும் வேலையாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. அவர்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூங்கில் இருக்கிறது. மூங்கிலுக்கும் கார்பனுக்கும் பழைய உறவு. 1880இல் எடிசன் தன் பல்புக்குள் வைத்த இழைகளில் நீடித்து எரிந்தது, ஜப்பானின் கியோட்டோ பக்கத்திலிருந்து வந்த மூங்கிலைக் கரியாக்கிச் செய்தது. 1,200 மணி நேரம் வரை எரிந்தது. இன்றைக்கு மூங்கில் குழாய்களைச் சைக்கிள் சட்டமாக நிறுத்தி, மூட்டுகளை எபாக்சியில் நனைத்த கார்பன் அல்லது சணல் இழையால் சுற்றிக் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் கிரெய்க் கால்ஃபி 1990களின் நடுவில் இதைத் தொடங்கினார். கானாவில் பெர்னிஸ் டாப்பா தொடங்கிய மூங்கில் சைக்கிள் அமைப்பு கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்தது. மோல்டு எதிலும் இல்லை. சந்திப்பைச் சுற்றி நனைத்த இழை, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்க இறுக்கிச் சுற்றி ஊசியால் துளை போட்டால் மிச்ச ரெசின் கசிந்து வெளியேறும். மறுநாள் டேப்பை உரித்துத் தேய்த்தால் மூட்டு தயார்.

வறண்ட பக்கத்தில் வளரும் கல்மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருப்பதால் இதற்கு ஏற்றது. காட்டு மூங்கிலில் கை வைக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பவரிடம் வாங்குங்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைக்காத மூங்கிலைப் பூச்சி தின்றுவிடும். மூட்டில் அலுமினியம் வரும் இடங்களில், அதற்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு சுற்றுக் கண்ணாடி இழை கட்டாயம். மழையில் நனைந்தால் இரண்டும் பேட்டரி போல் வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். சைக்கிளும் உடைந்தால் ஆளைத் தள்ளுகிற பொருள்தானே என்று கேட்பீர்கள். நியாயம். முதல் சட்டத்தில் ஆளை ஏற்றாதீர்கள்; மணல் மூட்டை கட்டி, மேடு பள்ளத்தில் உருட்டி, சட்டத்தின் மூட்டுகளை அறுத்து உள்ளே பார்த்த பிறகு இரண்டாவதைக் கட்டுங்கள். போடிமெட்டு இறக்கத்தில் சோதனை செய்வது தற்கொலை.

பாலக்காட்டு வயல்களில் மருந்து தெளிக்க ட்ரோன் வந்துவிட்டது. அதன் கால், பேட்டரிப் பெட்டி, கேமரா தாங்கி ஆகியவை உடைந்தபடியே இருக்கும். மோல்டு இல்லாமல் செய்ய நல்ல பொருள்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கார்பன் ரேடியோ அலையை மறைக்கும், ஆன்டெனாவைக் கார்பன் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். மூடி வேண்டுமானால் அந்த இடத்துக்குக் கண்ணாடி இழை.

கையுறை விஷயத்தில் ஆண்பிள்ளைத்தனம் வேண்டாம். எபாக்சி இன்று ஒன்றும் செய்யாது, நாளையும் செய்யாது. ஒரு நாள் தோல் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கிவிட்டால் ஆயுள் முழுக்க எபாக்சி பக்கம் போக முடியாது, தொழிலையே விட வேண்டும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கையில் பட்டதை அசிட்டோனால் கழுவாதீர்கள், சோப்பு போதும். இறுகிய கார்பனைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். பறக்கும் கரித்தூள் நுரையீரலுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் இருக்கும் வெல்டிங் இன்வெர்ட்டருக்குள் போனாலும் ஷார்ட் ஆக்கிவிடும்.

பாலக்காட்டில் 2015 முதல் ஐ.ஐ.டி. இருக்கிறது; 1960 முதல் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி இருக்கிறது. இடுக்கியில் பைனாவில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரு துண்டை இழுத்து எத்தனை கிலோவில் அறுகிறது என்று காட்டும் இயந்திரம் இத்தகைய கல்லூரிகளின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும். நீங்கள் ஒட்டிய அதே அடுக்கில், அதே நாளில், ஒரு பட்டையைக் கூடுதலாக ஒட்டி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் இயந்திரம் ஒரே எண்ணைத்தான் காட்டும். கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கிரீஸ் கையோடு வாசலில் நிற்பவரை லெட்டர்பேடு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பிள்ளைகளே, செய்கிற ஒவ்வொரு பொருளின் உட்புறத்திலும் தேதி, ரெசின் எடை, ஹார்ட்னர் எடை, அன்றைய வெப்பம், எத்தனை அடுக்கு என்பதை மார்க்கரால் எழுதி, மேலே ஒரு பூச்சு கிளியர் அடித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அது விரிசல் விடும்போது ஏன் என்று பார்க்க அந்த ஒரு வரி இருந்தால் போதும். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.